சுவரில் தேய்ந்த செருப்பு

சூரவயல் ஊராட்சித் தலைவர் தேர்தலில் அன்னக்கொடிக்குச் செருப்புச் சின்னம் கிடைத்த நான்காம் நாள் காலையில், பழைய அரிசி ஆலைச் சுவரில் மாரநாடு வரைந்திருந்த செருப்பு தேயத் தொடங்கியது. முதலில் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்தது. நடக்கிறவர்கள் எல்லார் செருப்பும் முதலில் அங்கேதான் தேயும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சாயத்தில் தண்ணீர் அதிகம் என்று நினைத்தார்கள். மாரநாடும் அப்படித்தான் நினைத்து, அந்த ஓரத்தைக் கறுப்பால் நிரப்பி, தூரிகையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அதே ஓரம் இன்னும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. விளிம்பெல்லாம் சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. காலனியில் சிமெண்டு ரோடு கிடையாது. சிமெண்டு ரோடு இருப்பது மேலத்தெருவில்தான்.

அந்த மேலத்தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலனியிலிருந்து பஸ்ஸுக்கும் ரேஷன் கடைக்கும் ஓட்டுச்சாவடிக்கும் அது ஒன்றுதான் வழி. முந்நூறு அடி நீளம், பதினெட்டு வீடு. அந்த முந்நூறு அடியையும் காலனிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். எந்தப் பலகையிலும் அப்படி எழுதியிருக்கவில்லை, சட்டத்தில் அதற்கு நேர் எதிராகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் சட்டம் தாலுகா அலுவலகத்து அலமாரியில் இருந்தது, தெரு இங்கே இருந்தது. மனு கொடுத்தார்கள். துண்டறிக்கை அடித்தார்கள். ஒரு வருஷம் பெரிய அதிகாரி ஒருவரே வந்து, காலனிக்காரர் நாலு பேரைச் செருப்போடு தன் பக்கத்தில் நடக்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். போட்டோ பேப்பரில் வந்த நாளன்று அந்த நாலு பேரும் பேப்பர் வாங்கப் போனது வெறுங்காலோடுதான்.

மாரநாட்டுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாகச் சுவர் எழுதுகிறவர். எல்லாக் கட்சிச் சின்னங்களும் அவர் கைக்குப் பழக்கம். தலைவர்களுக்கு நாற்பது அடி உயரக் கட்-அவுட் வரைந்திருக்கிறார். அந்தத் தலைவர்களின் ஷூ ஒவ்வொன்றும் அவர் வீட்டுக் கதவளவு இருக்கும், அதன் முனையில் கடைசியாக ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் ஷூவுக்கு உயிர் வந்துவிடும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். செருப்புக்கு அந்த மினுக்கம் உதவாது. செருப்புக்கு உயிர் வருவது பெருவிரல் அழுந்தி அழுந்திக் கிடக்கிற பள்ளத்தில். இவ்வளவும் தெரிந்த மாரநாடு, மேலத்தெரு முனைக்கு வந்ததும் தன் செருப்பைக் கழற்றி, ஒயர் கூடையில் சாய டப்பாக்களுக்கு அடியில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு போவார். கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்களைவிடத் தான் கொஞ்சம் மானமாகப் போவதாக அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அன்னக்கொடி நூறு நாள் வேலையில் ஆள் கணக்கெடுக்கிற பெண். தலைவர் பதவி காலனிப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டதும், மேலத்தெருப் பெரியவீட்டுத் தர்மலிங்கம் தன் வயலில் வேலை செய்கிற சோணையின் மனைவியை ஆட்டோ சின்னத்தில் நிறுத்தி, இனி நாற்காலிக்கு அவள், கையெழுத்துக்கு நான் என்று நிம்மதியாக இருந்தபோது, கேட்காமல் கொள்ளாமல் எதிர்த்து நின்றவள். அவள் மாரநாட்டைத் தேடி வந்து சொன்னாள்:

"அண்ணே, எனக்குச் செருப்புச் சின்னம்."

"ஏத்தா, தென்னமரம், பூட்டுசாவின்னு எம்புட்டு இருக்கு, மாத்திக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டு வாங்குனதே நாந்தாண்ணே. மேலத்தெருவப் பாத்த செவுரு ஒண்ணு வேணும். வரையிறியளா, பயமா இருக்கா?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் தொழில்காரனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. தெரு முனையில் இருந்த அரிசி ஆலை பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் டவுனில் இருந்தார், என்ன சின்னம் என்று கேட்காமலே சுவருக்குச் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். மாரநாடு மனைவி பஞ்சவர்ணத்தின் பழைய எக்ஸ்ரே பிலிம்களை ஒன்றோடொன்று ஒட்டி அதில் செருப்பு அச்சு வெட்டினார்.

"என் நெஞ்சுலயே செருப்ப வெட்டிட்டீக, நல்லாயிருங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

அங்கேதான் தவறு நடந்தது. ஆட்டோவுக்கு ஒரு அச்சு, தென்னைமரத்துக்கு ஒரு அச்சு, வைத்த இடத்தில் ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. முப்பது வருஷத்தில் எந்தச் சின்னத்துக்கும் அவர் அச்சைத் திருப்பிப் போட வேண்டி வந்ததில்லை. பழகிய கை ஒருமுறை ஒற்றியது, பக்கத்தில் நகர்த்தி இன்னொருமுறை ஒற்றியது. இறங்கி நின்று பார்த்தபோது சுவரில் ஆளுயரத்துக்கு இரண்டு செருப்பு இருந்தன, இரண்டும் இடது கால். அழித்துப் போட நேரமில்லை, மேலத்தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பதற்றத்தில், எந்தச் சின்னத்துக்கும் செய்யாத ஒன்றை அவர் செய்தார்: இரண்டு செருப்பிலும் பெருவிரல் பள்ளத்தை வரைந்தார்.

தேய்மானம் தொடங்கிய பிறகு காலனி அதை ஏற்றுக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள், தண்ணிக் குடத்தோடு போகிற பெண்கள் சுவர் முன்னால் நின்று, "இன்னைக்கு வாரு இளகியிருக்கு" என்றும் "நேத்துக்கு இன்னைக்கு மெலிஞ்சுபோச்சு" என்றும், காய்ச்சலில் கிடக்கிறவரை விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போனார்கள். யார் கால் என்பதில்தான் சண்டை. சின்னவெள்ளை தன் மாமனார் கால் என்றாள். செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் மூன்று தடவை நடக்கவைக்கப்பட்டு, அந்த வாரமே ஊரைவிட்டுப் போனவர் அவர். பட்டாளத்துக்குப் போய்ப் பூட்ஸோடு திரும்பி, தெரு முனையில் பூட்ஸைக் கழற்றிய தன் அண்ணன் கால் என்றான் ஒருவன். குதிகாலில் பாரம் விழுகிற விதத்தைப் பார்த்தால் மூட்டை சுமந்த கால் என்றார்கள் சிலர், பிள்ளையைச் சுமந்த கால் என்றார்கள் பெண்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுக் கால் அதில் தெரிந்தது. மாரநாட்டுக்கு மட்டும், திருப்பிப் போடாத தன் அச்சு தெரிந்தது.

ஐந்தாம் நாள் தேர்தல் அதிகாரி ஜீப்பில் வந்தார். சின்னப் பட்டியலைப் பிரித்துச் சுவரோடு ஒத்துப் பார்த்தார்.

"சின்னம் பட்டியல்ல உள்ள மாதிரி இருக்கணும்மா. இது தேஞ்சிருக்கு."

"நடந்தாத் தேயத்தான சார் செய்யும்" என்றாள் அன்னக்கொடி.

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். தேய்மானத்தை எழுத அவர் படிவத்தில் இடம் இருந்தது, காரணத்தை எழுத இடம் இல்லை. ஆகவே அவருக்குச் சங்கடம் ஒன்றும் வரவில்லை. "தெனமும் காலைல சரிபண்ணி வச்சிருங்க. அப்புறம், ரெண்டும் எடது காலா இருக்கே?"

"மனுசனுக்கு ரெண்டு காலும் ஒரே பக்கம் போனாப் போதும் சார்."

அதையும் எழுதிக்கொண்டு அவர் போனார். அன்று முதல் மாரநாடு தினமும் காலையில் ஏணியைச் சாத்தி, முந்தின நாள் தேய்ந்ததை நிரப்பினார். நிரப்ப நிரப்பத் தேய்ந்தது.

மேலத்தெரு இதை வேறு விதமாகத்தான் தெரிந்துகொண்டது. விடிந்ததும் பதினெட்டு வாசலிலும் கோலம் போடுவார்கள். கோலப்பொடி டப்பாவை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பதினெட்டுக் கோலத்தின் நடுவிலும் செருப்புத் தடம் விழுந்திருந்தது. இடது, இடது, இடது, இடது. மறுநாள் ஆண்கள் வாசல்படியில் உட்கார்ந்து காவல் காத்தார்கள். நல்ல வெளிச்சத்தில், பதினெட்டு வீட்டு ஆண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆள் இல்லாத தெருவில் பொடி அமுங்கியது, முதல் வீட்டுக் கோலத்தில், அடுத்த வீட்டுக் கோலத்தில், அவசரமே இல்லாமல், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறவர் நடக்கிற மாதிரி. எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் ஒரு அதிசயத்தை ஒத்துக்கொள்வதைவிட ஒரு குற்றவாளியைப் பிடிப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. தர்மலிங்கம் தன் வாசல் கோலத்தில் விழுந்த தடத்தைச் சாட்சிக்காக ஒரு கூடையைக் கவிழ்த்து மூடிவைத்துவிட்டு, மாரநாட்டை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

மாரநாடு வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்றார்.

"ஏலே, படம் வரைஞ்சவன் நீ. நடக்குறவன் எவன்டா?"

"தெரியலைங்கய்யா."

"தெரிய வச்சுக்குறேன். ஞாயித்துக்கெழம காலைல ஒன்பது மணிக்குக் காலனியில உள்ள பெரியாளு அம்புட்டுப் பேரும் அவுகவுக செருப்போட வரணும். ஆலைச் செவுத்துலேருந்து தெருக்கடேசி மந்தை வரைக்கும் மணலப் பரப்பிருவேன். ஒருத்தர் விடாமப் போட்டு நடந்து காட்டணும். எவன் தடம் கூடைக்குள்ள இருக்குற தடத்தோட ஒத்துப்போவுதோ, அவன நான் பாத்துக்குறேன்."

பக்கத்தில் நின்ற அவருடைய மருமகன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, நம்ம தெருவுல செருப்பப் போட்டு நடக்கச் சொல்றீகளே."

"நாஞ் சொல்லி நடக்குறது வேறடா." தர்மலிங்கம் மாரநாட்டின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது, அதுதான் பயம். "அது முடிஞ்சதும் நீ செவுர வெள்ளையடிச்சிரு. வரைஞ்ச கையாலயே அழிக்கணும், ஊரு பாக்கணும். அழிக்கலைன்னா அந்தக் கை உனக்கு எதுக்கு?"

மாரநாடு வீட்டுக்கு வந்து சுண்ணாம்பை ஊறப்போட்டார். காவல் நிலையத்துக்குப் போன் பண்ணிப் பார்த்த அன்னக்கொடி, ஓட்டு முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றபடி வந்து, கொதிக்கிற சுண்ணாம்பைப் பார்த்து நின்றாள்.

"அழிக்கப் போறியளாண்ணே?"

"கையி என் கையி, ஆத்தா."

"அழிச்சா புதன்கெழம ஓட்டுப்போட ஒருத்தி தெருவத் தாண்ட மாட்டா. அந்தச் செவுத்தப் பாத்துத்தான் நிக்கிறாளுக."

"தெரியும்."

அவள் திடீரென்று, நாலு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். "என்னான்னு சொன்னாரு? எல்லாரும் போட்டுக்கிட்டு வரணும்னா?"

"ஆமா."

"அப்பச் சரி. வருவோம்."

ஞாயிற்றுக்கிழமை நூற்றிப் பதினாறு பேர் வந்தார்கள். ரப்பர் செருப்பு, தையல் விட்ட செருப்பு, ஊக்கு மாட்டிய செருப்பு, கல்யாணத்துக்கு வாங்கிப் பெட்டியிலேயே கிடந்த செருப்பு. ஆலைச் சுவரிலிருந்து மந்தைத் திடல் வரை முந்நூறு அடிக்கு ஆற்றுமணல் பரப்பியிருந்தது. மேலத்தெருக்காரர்கள் கம்புகளோடு இரண்டு பக்கமும் நின்றார்கள். தர்மலிங்கம் மந்தையில் நாற்காலி போட்டு, கூடையைப் பக்கத்தில் எடுத்துவைக்க முடியாததால், கூடை இருந்த தன் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவே மருமகனை நடக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"போடுங்கடா" என்றார்.

யாரும் போடவில்லை. மணலின் விளிம்பில் வந்தவர்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கை விட மறுத்தது, கால் நீள மறுத்தது. அன்னக்கொடி தன் செருப்பைக் கீழே போட்டாள். அது மணலில் விழுந்த சத்தம் பதினெட்டு வீட்டுக்கும் கேட்டது. காலை நுழைத்தாள், நடந்தாள். சின்னவெள்ளை நடந்தாள், நடக்கும்போதே அழுதாள், அழுகையோடு அழுகையாய், "என்ன மெத்துனு இருக்கு இந்தத் தெரு" என்றாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள், நடந்தவர்களின் தடத்தை மருமகன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து தலையை ஆட்டினான், குனிந்தான், நிமிர்ந்தான், இடது வலது, இடது வலது, மணல் நிறையத் தடம், கூடைக்குள் இருந்ததோடு ஒன்றும் ஒத்துப்போகவில்லை.

"சிக்கலைங்க மாமா."

"ஐயா," என்றாள் மந்தையில் நின்ற அன்னக்கொடி, "வாரப்ப ஒரு நடை, போறப்ப ஒரு நடை இருக்கும். திரும்பவும் நடந்து காட்டுறோம், நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர்கள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். இந்தமுறை வரிசையாக இல்லை, பேச்சுச் சத்தத்தோடு, ஜோடி ஜோடியாக. அப்போதுதான் தர்மலிங்கத்துக்குத் தான் செய்தது என்னவென்று புரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கழட்டுங்கடா! போதும், கழட்டுங்க!"

நூற்றிப் பதினைந்து பேர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள். கம்புகள் நிமிர்ந்தன. குனிவதா வேண்டாமா என்று ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் குனிந்திருந்தால் எல்லாரும் குனிந்திருப்பார்கள். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"இன்னும் ஒரு ஆளு பாக்கிங்கய்யா" என்று தெருவின் அந்த முனையிலிருந்து ஒரு குரல் வந்தது.

மாரநாடு ஆலைச் சுவரடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் ஒயர் கூடை. அவர் இன்னும் நடக்கவில்லை. கூடையைக் கீழே வைத்து, துணியை விலக்கி, சாய டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, அடியிலிருந்து செருப்பை எடுத்தார். அங்கே அது இருப்பது ஊருக்கே தெரியும் என்பது, அப்போது யாரும் ஆச்சரியப்படாததிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது. முப்பது வருஷ மானம் அதோடு முடிந்தது.

நடந்தார். அந்தத் தெருவின் ஒவ்வொரு அடியும் அவர் உள்ளங்காலுக்குத் தெரியும், எங்கே சுடும், எங்கே குத்தும் என்று. இப்போது காலுக்கு எதுவும் தெரியவில்லை, தெரியாத ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. பாதித் தூரத்தில், தன் பக்கத்தில் மணல் அமுங்குவதைக் கடைக்கண்ணால் பார்த்தார். இடது. இடது. அவர் தயங்கினால் அதுவும் தயங்கியது. அவர் தலையைத் திருப்பவில்லை; கூட நடக்கிறவரை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை. நடுத்தெருவில் நின்ற நூற்றிப் பதினைந்து பேரும் வழிவிட்டார்கள், கம்பு பிடித்தவர்களும் ஒரு அடி பின்னால் போனார்கள். மந்தைக்கு ஐந்தடி முன்னால் பக்கத்துத் தடம் நின்றுவிட்டது. கடைசி ஐந்தடியை அவர் தனியாகத்தான் நடந்தார்.

தர்மலிங்கம் அவர் காலைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், முந்நூறு அடி தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. "பாருடா. உனக்கு வேலையே மிச்சம்."

மாரநாடு திரும்பிப் பார்த்தார். சுவரில் செருப்பு இல்லை. காலையில் நிரப்பிய கறுப்பு முழுதும் தேய்ந்து, குதிகால் போய், நடு போய், வார் அறுந்து, ஒன்றும் இல்லாத பழைய சுவர் வெயிலில் நின்றது.

"தன்னால அழிஞ்சுபோச்சு. சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல. கழட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார் தர்மலிங்கம், ஏறக்குறைய அன்பாக.

அதுதான் எளிதான வழி. அழித்தவன் என்ற பெயரும் வராது, அழிக்காதவன் என்ற அடியும் விழாது. மாரநாடு அதை நன்றாகவே யோசித்தார். யோசித்துக்கொண்டே வந்த வழியில் திரும்பினார், செருப்போடு, முந்நூறு அடியும். சுவரடிக்குப் போய் வாளியிலிருந்த சுண்ணாம்பை ஓரத்துச் சாக்கடையில் கவிழ்த்தார். கறுப்பு டப்பாவைத் திறந்தார். எப்போதும் வெறுங்காலோடு ஏறுகிற ஏணியில் செருப்போடு ஏறினார், இரண்டாவது படியில் கால் வழுக்கியது, அவர் பின்னாலேயே வந்திருந்த அன்னக்கொடி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குடா!" என்று தர்மலிங்கம் கத்தினார். கம்புகளோடு நாலு பேர் ஓடி வந்தார்கள். ஆனால் நடுத்தெருவில் மீதி நூற்றிப் பதினான்கு பேரும் நின்றார்கள், ஒருவரும் அடிக்கவில்லை, ஒருவரும் கழற்றவில்லை, நகரவும் இல்லை. ஓடி வந்தவர்கள் அவர்களுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

மாரநாடு அச்சைத் தேடவில்லை. கையாலேயே வரைந்தார். முதலில் இடது. அதன் பக்கத்தில், வலது.

புதன்கிழமை ஓட்டில் அன்னக்கொடி பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றாள். இதை மறைக்க வேண்டியதில்லை. மாரநாட்டின் வலது கையை அடுத்த மாதம் டவுன் பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாத இரண்டு பேர் முறித்தார்கள். இப்போது இடது கையால் எழுதுகிறார், எழுத்து கொஞ்சம் சாய்கிறது. மேலத்தெருவில் காலனிக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் செருப்போடு போகிறார்கள். மீதிப்பேர் முனைக்கு வந்ததும் இன்னும் தானாகவே குனிகிறார்கள். யாரும் சொல்லாமலே குனிகிற அந்த முதுகுகளைப் பார்க்கிறபோது மாரநாட்டுக்குத் தர்மலிங்கத்தின் மேல் வந்ததைவிட அதிகக் கோபம் வருகிறது.

அன்று ஏணியின் மேல் நின்றபோது, கடைசியாகப் பெருவிரல் பள்ளம் மட்டும் பாக்கி இருந்தது. அன்னக்கொடி கீழே இருந்து கேட்டாள்: "பள்ளம் போடலையாண்ணே? போன தடவ போட்டீகளே."

"நான் எதுக்குப் போடணும்?" என்று சொல்லிவிட்டு மாரநாடு இறங்கினார். "போட்டு நடக்குறவுக பதிச்சுக்கட்டும்."

அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகவில்லை. ஆனால் காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரத்தில் ஆலைச் சுவரை உற்றுப் பார்த்தால், இரண்டு செருப்பிலும், இடதில் கொஞ்சமும் வலதில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும், லேசாக அமுங்கத் தொடங்கியிருப்பது தெரிகிறது.